சென்னைக் குடும்பங்களின் கரிமத் தடம்: விறகடுப்பு முதல் குளிர்சாதனம் வரை

ஒரு குடும்பம் சமைக்கவும், விளக்கேற்றவும், தண்ணீர் பெறவும், பயணம் செய்யவும், உண்ணவும் உடுக்கவும் செய்யும் நுகர்வால் காற்றில் கலக்கும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவே அக்குடும்பத்தின் கரிமத் தடம் ஆகும். கார்பன் தடம் என்றும் இதனைச் சொல்வர். கார்பன் டை ஆக்சைடு எனப்படும் கரியமில வாயு, மீத்தேன், குளிர்சாதனப் பெட்டிகளில் உள்ள குளிரூட்டி வாயுக்கள் ஆகியவை இதில் அடங்கும். இவை ஒவ்வொன்றும் புவியை எவ்வளவு சூடாக்கும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கு இணையான கரியமில வாயுவின் எடையாக மாற்றிக் கிலோவிலோ டன்னிலோ குறிப்பிடுவது வழக்கம்.

சென்னையில் இந்தத் தடம் எப்படி உருவானது, எப்படி வடிவம் மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கடந்த நூறு ஆண்டுகளில் சென்னை வீடுகளின் அடுப்பங்கரைகளிலிருந்து புகை ஏறக்குறைய முழுமையாக வெளியேறிவிட்டது. இது பெரும் சமூக முன்னேற்றம். ஆனால் அந்தப் புகை இல்லாமல் போய்விடவில்லை. நகரின் வட ஓரத்து அனல் மின் நிலையங்களுக்கும், கடற்கரையோரக் குடிநீர் ஆலைகளுக்கும், சாலைகளுக்கும், குப்பை மேடுகளுக்கும் அது இடம் மாறியது. கண்ணுக்குத் தெரியாமல் போனதால் அதன் அளவு கூடியதும் பலருக்குத் தெரியாமல் போயிற்று.

கணக்கிடும் முறை

குடும்பத்தின் கரிமத் தடத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வீட்டிலேயே எரிக்கும் எரிபொருளால் வருவது. சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய், சொந்த வாகனத்தின் பெட்ரோல் ஆகியவை இவ்வகை. இரண்டாவது, வீட்டில் பயன்படுத்தும் மின்சாரத்திற்காக வேறிடத்தில் எரிக்கப்படும் நிலக்கரியால் வருவது. மூன்றாவது, வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் மறைந்திருப்பது; அரிசி, பால், துணி, சிமெண்டு, குழாய்த் தண்ணீர், குப்பை அகற்றல் ஆகியவை இதில் சேரும்.

கணக்குப் போடச் சில அடிப்படை எண்கள் போதும். 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளை ஒன்று முழுவதும் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ; ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்குச் சுமார் 2.5 கிலோ. மின்சாரத்துக்கு நிலையான எண் கிடையாது. அது எதிலிருந்து உற்பத்தியாகிறது என்பதைப் பொறுத்தது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கின்படி, 2010களின் தொடக்கத்தில் இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.8 கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. அண்மை ஆண்டுகளில் 0.7 கிலோவுக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. இக்கட்டுரையில் எளிமைக்காக 0.7 கிலோ என்றே கொள்ளப்படுகிறது.

விறகுக் காலம்

1901 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 5 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 1951இல் அது 14 லட்சமாயிற்று. இந்த அரை நூற்றாண்டு முழுவதும் நகரத்தின் முதன்மையான சமையல் எரிபொருள் விறகே. தெருவுக்குத் தெரு விறகுத் தொட்டிகள் இருந்தன. பெரிய தராசில் நிறுத்து, சுமையாகவோ வண்டியிலோ வீட்டுக்கு அனுப்புவார்கள். காபிக்கும் சிறு சமையலுக்கும் கரி போட்ட குமுட்டி அடுப்பு. மரம் அறுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மரத்தூள் அடுப்பு. மாடு வைத்திருந்த வீடுகளில் வறட்டி. குடும்பத்தின் வருவாய்க்குத் தக்கபடி இவை கலந்து எரிந்தன.

இவ்வளவு விறகு எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரயில்வேயின் எரிபொருள் தேவைக்காகவும் நகரத்தின் தேவைக்காகவும் செங்கல்பட்டு, நெல்லூர் மாவட்டக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருமளவில் வளர்க்கப்பட்டன. அவற்றை நகருக்குள் கொண்டுவந்த முக்கிய வழி பக்கிங்காம் கால்வாய். 1806இல் பேசில் கோக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் படிப்படியாக நீண்டது. 1877-78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக அடையாறும் கூவமும் இணைக்கப்பட்டன. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற இக்கால்வாய், ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளமுடையது. வடக்கே பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா பக்கமிருந்து விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இதன் வழியே நகருக்குள் வந்தன. காற்றும் துடுப்பும் மனித உழைப்பும் இழுத்து வந்த சரக்கு அது. போக்குவரத்தில் கரிமத் தடம் அநேகமாக இல்லை. 1966 புயலில் கால்வாய் பெரும் சேதமடைந்தது. அதன்பின் படகுப் போக்குவரத்து தேய்ந்து, சரக்கு முழுவதும் லாரிக்கு மாறியது.

விறகின் கரிமக் கணக்கு சற்றுச் சிக்கலானது. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவையே எரியும்போது திருப்பித் தருகிறது. வெட்டிய இடத்தில் மீண்டும் தோப்பு வளர்ந்தால் கணக்கு ஏறத்தாழச் சமமாகும். சவுக்குத் தோப்பு விறகு பெருமளவு இவ்வகையைச் சார்ந்தது. இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு மீண்டும் வளர்க்காமல் விட்டால் அது காற்றுக்கு முழுக் கடன். மேலும் பழைய அடுப்பில் விறகு முழுமையாக எரிவதில்லை. அடுப்பின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே பாத்திரத்தைச் சேரும். மீதி வீணாகும், கூடவே கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் வெளியேறும்.

இந்தப் புகையை வாங்கிக்கொண்டவர்கள் பெண்கள். ஊதுகுழலோடு நாளில் பல மணி நேரம் அடுப்பருகே உட்கார்ந்தவர்களுக்கும், அவர்கள் இடுப்பில் இருந்த குழந்தைகளுக்கும் கண் எரிச்சலும் இருமலும் நுரையீரல் நோய்களும் வந்தன. பழைய வாழ்க்கையைப் பசுமை வாழ்க்கை என்று புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தகர டின்களில் வந்திறங்கிய மண்ணெண்ணெய், முதலில் விளக்குக்கு எண்ணெயாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. ஆமணக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் விளக்குகளின் இடத்தைச் சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் பிடித்தன. சென்னை மக்கள் இதைச் சீமை எண்ணெய் என்றும், பின்னர் கிருஷ்ணாயில் என்றும் அழைத்தனர். வீட்டு எரிபொருள் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட புதைபடிவப் பொருளாக மாறத் தொடங்கியது இதிலிருந்துதான்.

பம்பு ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் பரவிய பின் மண்ணெண்ணெய் சமையலுக்கும் வந்தது. சிறிய ஒண்டுக் குடித்தனங்களில் விறகடுப்புக்கு இடமில்லை, புகைபோக்கியும் இல்லை. அத்தகைய வீடுகளுக்கு ஸ்டவ் ஏற்றதாக இருந்தது. ரேஷன் கடை வரிசையில் கேனை வைத்துக் காத்திருப்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகர வாழ்க்கையின் ஒரு பகுதி. நேரம் மிச்சமாயிற்று, ஆனால் ஸ்டவ் வெடித்துத் தீக்காயம்பட்ட பெண்கள் பலர். ஒரு எரிபொருளிலிருந்து அடுத்த எரிபொருளுக்கு ஏறும் ஒவ்வொரு படியிலும் இப்படி ஒரு விலை இருந்தது.

சமையல் எரிவாயு

இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் எரிவாயு 1965 அக்டோபரில் கொல்கத்தாவில் முதல் இணைப்பை வழங்கியது. சென்னைக்கு அருகே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. அடுத்த இரு பத்தாண்டுகளில் நடுத்தர வர்க்க வீடுகள் ஒவ்வொன்றாக எரிவாயுவுக்கு மாறின. அக்காலத்தில் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2007இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அடுப்புடன் எரிவாயு இணைப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபின் குடிசைப் பகுதிகளிலும் சிலிண்டர் பரவியது.

எரிவாயு புதைபடிவ எரிபொருள்தான். ஆயினும் இந்த மாற்றத்தால் தடம் கூடியது என்று சொல்லிவிட முடியாது. எரிவாயு அடுப்பில் வெப்பத்தின் பாதிக்கு மேல் பாத்திரத்தைச் சேர்கிறது. ஒரு சிலிண்டர் செய்யும் சமையல் வேலையைப் பழைய அடுப்பில் செய்ய ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ விறகு வேண்டும். அதை எரித்தால் 250 கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியாகும். அந்த மரம் மீண்டும் வளர்க்கப்படாவிட்டால், 42 கிலோ வெளியிடும் சிலிண்டரே காற்றுக்குக் குறைந்த சுமை. சென்னையின் கரிமத் தடம் கூடியதற்கு அடுப்பைக் குறை சொல்வது பொருந்தாது. கூடுதலுக்கான காரணத்தை மின்சாரத்தில் தேட வேண்டும்.

மின்சாரம்

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே மாதம் சென்னையில் ஓடியது. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்னும் தனியார் நிறுவனம், பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து நகருக்கு மின்சாரம் வழங்கியது. ஆக, சென்னையின் மின்சாரம் தொடக்கத்திலேயே நிலக்கரியில் பிறந்தது. ஆனால் அதைப் பயன்படுத்திய வீடுகள் மிகச் சில.

1932இல் நீலகிரியில் பைக்காரா, 1937இல் மேட்டூர் என நீர்மின் நிலையங்கள் வந்தன. 1947இல் தனியார் நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1957இல் மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. தேவை பெருகியபோது நீர்மின்சாரம் போதவில்லை. 1962இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மின்சாரமும், 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையமும், 1984இல் கல்பாக்கம் அணுமின் நிலையமும், 1994 முதல் வடசென்னை அனல் மின் நிலையமும் சேர்ந்தன. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு இணைந்தபின், சென்னை வீட்டில் எரியும் விளக்குக்கு வடஇந்தியச் சுரங்கத்து நிலக்கரியும் முப்பந்தல் காற்றாலையும் ஒருங்கே பங்களிக்கின்றன.

வீட்டுக்குள் நிகழ்ந்த மாற்றம் இதற்கு இணையானது. 1950களில் மின்சாரம் பெற்ற நடுத்தர வீட்டில் இரண்டு மூன்று குண்டு பல்புகளும், வசதியிருந்தால் ஒரு மின்விசிறியும் ரேடியோவும் இருந்திருக்கும். பிறகு கிரைண்டர், மிக்சி, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, வாஷிங் மெஷின், நீரேற்றும் மோட்டார், குளிர்சாதனம் என வரிசை நீண்டது. 2006க்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011க்குப் பின் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அரசால் வழங்கப்பட்டன. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது.

இலவசங்களால்தான் மின்சாரம் வீணாகிறது என்று பலர் பேசுவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 வாட் மிக்சியை நாளுக்கு 20 நிமிடம் ஓட்டினால் மாதத்துக்குச் சுமார் 5 யூனிட். கரியமில வாயு 3.5 கிலோ. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 யூனிட் எடுக்கும் என்று கொண்டால், இரவில் 8 மணி நேரம் ஓடும்போது மாதத்துக்கு 240 யூனிட். கரியமில வாயு 168 கிலோ. ஒரு படுக்கையறையின் குளிர்சாதனம் 48 மிக்சிகளுக்குச் சமம். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பெண்கள் கொடுத்த உழைப்பை 3.5 கிலோவில் மாற்றிய கருவியைக் குற்றவாளியாக்குவதில் நியாயமில்லை.

குளிர்சாதனத்தில் இன்னொரு மறைபொருளும் உண்டு. அதன் குழாய்களில் உள்ள குளிரூட்டி வாயு. ஆர்-410ஏ என்னும் வகை, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 2,000 மடங்குக்குச் சற்று அதிகமாகப் புவியைச் சூடாக்கக்கூடியது. பழுதுபார்க்கும்போது அந்த வாயு ஒரு கிலோ கசிந்தால் அது ஏறத்தாழ 50 சிலிண்டர் எரித்ததற்குச் சமம். புதிய கருவிகளில் உள்ள ஆர்-32 வகையின் தாக்கம் இதில் மூன்றில் ஒரு பங்குதான்.

தடம் குறைந்த இடங்களும் உள்ளன. 60 வாட் குண்டு பல்பின் வேலையை இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு செய்கிறது. அதற்காக யாரும் இருட்டில் உட்காரவில்லை.

புகை போய்ச் சேர்ந்த இடம்

வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்றும்போது புகை தெரிவதில்லை. அது எண்ணூரில் தெரிந்தது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் கழிமுகம் மீனும் இறாலும் நண்டும் விளைந்த இடம். சுற்றிலும் அனல் மின் நிலையங்களும், நிலக்கரி இறக்கும் துறைமுகமும், மணலியின் ஆலைகளும் வந்தன. அனல் மின் நிலையத்தின் சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டுக் குழாய்களில் சாம்பல் குளத்துக்குச் செல்கிறது. அக்குழாய்களின் கசிவால் சாம்பல் ஆற்றுப் படுகையில் படிந்தது குறித்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்து ஆணைகள் பிறப்பித்துள்ளது. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடசென்னை நிலையங்கள் தொடர்கின்றன.

நகரின் தென்பகுதியில் வாழும் குடும்பத்தின் மின்கட்டணத்தில் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை. முன்பு வீட்டுக்குள் ஒரு பெண் சுவாசித்த புகையை இப்போது நகரின் மறுமுனையில் உள்ள மீனவர் குடியிருப்புகள் சுவாசிக்கின்றன.

தண்ணீர்

கிணற்றில் நீர் இறைத்த காலத்தில் தண்ணீருக்குக் கரிமத் தடம் இல்லை. 1870களில் செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்குக் குடிநீர் வந்தபோதும் அது பெரும்பாலும் சரிவின் போக்கிலேயே ஓடி வந்தது. நகரம் வளர வளரத் தண்ணீர் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. 1996இல் கிருஷ்ணா நீர், 2004இல் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வீராணம் நீர், பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். மீஞ்சூர் ஆலை 2010இலும் நெம்மேலி ஆலை 2013இலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுடன் செயல்படத் தொடங்கின. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது.

கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். நால்வர் கொண்ட குடும்பம் ஆளுக்கு 135 லிட்டர் வீதம் மாதத்துக்கு ஏறத்தாழ 16,000 லிட்டர் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அது முழுவதும் கடல்நீர் ஆலையிலிருந்து வந்தால் சுமார் 56 யூனிட். கரியமில வாயு ஏறத்தாழ 40 கிலோ. அதாவது குழாயைத் திறப்பதிலேயே மாதம் ஒரு சிலிண்டர் எரிகிறது. லாரித் தண்ணீருக்கு டீசல் செலவு. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் செலவும் கூடுகிறது.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீரை உயர்த்தும் நோக்கில் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம், கரிமத் தடத்தைக் குறைக்கும் சட்டமும்கூட. பராமரிக்கப்படாத சேகரிப்புக் குழிகள் மண் மூடிக் கிடப்பது இந்த வகையிலும் இழப்பே.

வீட்டின் கட்டமைப்பும் பயணமும்

பழைய சென்னை வீடுகளில் தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பூசிய மெட்ராஸ் டெரஸ் என்ற தளவமைப்பு புகழ்பெற்றது. உயர்ந்த கூரை, முற்றம், தாழ்வாரம், திண்ணை ஆகியவை காற்றோட்டம் தந்தன. நிலத்தின் விலை ஏறியபின் அடுக்குமாடிகள் வந்தன. சிமெண்டு, இரும்பு ஆகியவற்றின் உற்பத்தியே பெரும் கரிம வெளியீடு உடையது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவில் அந்த வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. அந்த வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனம் வாங்குகிறோம். அது அறையின் வெப்பத்தைத் தெருவில் தள்ளுகிறது. ஆகவே மின்சாரக் கட்டணத்தின் ஒரு பகுதி, வீடு கட்டிய அன்றே முடிவாகிவிடுகிறது.

பயணமும் அவ்வாறே. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அது தென் புறநகர்கள் இரயில் நிலையங்களைச் சுற்றி வளர உதவியது. டிராம் 1953இல் நின்றது. பறக்கும் இரயில் 1995இலும் மெட்ரோ 2015இலும் வந்தன. இடைப்பட்ட பல்லாண்டுகளில் நகரம் இரயில் பாதை இல்லாத திசைகளிலும் பரவியது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பேருந்து போதாத இடங்களில் இருசக்கர வாகனம் கட்டாயமாயிற்று. நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் பயணம் என்றால் இருசக்கர வாகனத்துக்குச் சுமார் 15 லிட்டர் பெட்ரோல், 35 கிலோ கரியமில வாயு. அதே தூரத்துக்குக் காரில் சுமார் 50 லிட்டர், 115 கிலோ.

உணவும் குப்பையும்

நீர் தேங்கிய நெல் வயல்களிலிருந்தும், அசைபோடும் மாடுகளின் வயிற்றிலிருந்தும் மீத்தேன் வெளியாகிறது. சோற்றுக்கும் பாலுக்கும் இதனால் தடம் உண்டு. உண்ணும் உணவைவிட எறியும் உணவே இங்கு கவனிக்க வேண்டியது. சமையற் கழிவு பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ள குப்பைக் கிடங்குகளில் காற்றுப்படாமல் புதையும்போது அழுகி மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் தன்மையுடையது. அதே கழிவு வீட்டுத் தோட்டத்தில் எருவானால் மீத்தேன் மிகக் குறைவு.

இருவேறு எண்கள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஏழு பெருநகரங்களின் பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், சென்னையின் ஆண்டு வெளியீடு ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் டன் என்றும், தலைக்கு 4.79 டன் என்றும் கண்டனர். ஏழு நகரங்களிலும் தலைக்கணக்கில் அதுவே மிக உயர்ந்தது. அதில் வீட்டுத் துறையின் பங்கு 39 விழுக்காடு. பெருநகர சென்னை மாநகராட்சி 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2018-19ஆம் ஆண்டுக்குத் தலைக்கு 1.9 டன் என்று கூறுகிறது. 2050க்குள் கரிமச் சமநிலை அடைவது அத்திட்டத்தின் இலக்கு.

ஒரே நகரத்துக்கு இவ்வளவு மாறுபட்ட எண்கள் ஏன்? சென்னை திடீரென்று திருந்திவிடவில்லை. முதல் எண்ணில் மொத்தத்தை 4.79ஆல் வகுத்தால் 46 லட்சம் வருகிறது. அது 2011 விரிவாக்கத்துக்கு முந்தைய எல்லையின் மக்கள்தொகை. இரண்டாவது, விரிந்த எல்லையின் மக்களைக் கொண்டது. கணக்கில் எடுத்த துறைகளும் முறைகளும்கூட வெவ்வேறு. எனவே கரிமத் தடம் பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும் எல்லை எது, ஆண்டு எது, எவை சேர்க்கப்பட்டன என்ற மூன்று கேள்விகளைக் கேட்டபிறகே ஒப்பிட வேண்டும்.

யாருடைய தடம்?

நகரச் சராசரி மற்றொன்றையும் மறைக்கிறது. நால்வர் கொண்ட மூன்று குடும்பங்களை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். முதல் குடும்பம் இலவச வரம்புக்குள் மாதம் 50 யூனிட் மின்சாரமும், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டரும் பயன்படுத்துகிறது; பயணம் பேருந்தில். மாதத்துக்கு 63 கிலோ. பேருந்தின் பங்கு இதில் சேரவில்லை. இரண்டாவது குடும்பத்துக்கு 150 யூனிட், ஒரு சிலிண்டர், ஓர் இருசக்கர வாகனம், 182 கிலோ. மூன்றாவது குடும்பத்துக்கு இரண்டு குளிர்சாதனங்களுடன் 600 யூனிட், ஒரு சிலிண்டர், ஒரு கார், 577 கிலோ. முதல் குடும்பத்தைப்போல் ஒன்பது மடங்கு. ஆனால் கடும் வெயிலிலும் வெள்ளத்திலும் முதலில் அவதிப்படுவது முதல் குடும்பமே.

இந்தச் சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. 1990களில் கனடாவின் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் சூழலியல் தடம் என்னும் கருத்தை வளர்த்தனர். அதிலிருந்து கிளைத்த கரிமத் தடம் என்னும் சொல்லைப் பொதுமக்களிடம் பரப்பியதில், 2004ஐ ஒட்டி பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் வெளியிட்ட தடக் கணிப்பானுக்கும் விளம்பரங்களுக்கும் பெரும் பங்குண்டு. எண்ணெய் எடுக்கும் நிறுவனமே நுகர்வோரைப் பார்த்து உங்கள் தடம் எவ்வளவு என்று கேட்டது. பொறுப்பை முழுவதும் வீட்டுக்காரர் தலையில் வைக்கும் இந்தப் போக்கை அறிஞர்கள் பலர் விமர்சித்துள்ளனர்.

சென்னையின் வரலாறும் அந்த விமர்சனத்துக்குச் சான்று தருகிறது. விறகிலிருந்து எரிவாயுவுக்கும், குண்டு பல்பிலிருந்து எல்.இ.டி.க்கும் குடும்பங்கள் மாறியது அறிவுரையால் அல்ல. மாற்றுப் பொருள் கைக்கெட்டும் விலையில், கைக்கெட்டும் தூரத்தில் வந்ததால். அதேபோல் நிலக்கரி மின்சாரம், கடல்நீர்க் குடிநீர், கான்கிரீட் தளம் ஆகியவற்றை எந்தக் குடும்பமும் தனியே தேர்ந்தெடுக்கவில்லை. மின்கட்டமைப்பில் காற்றும் சூரியனும் கூடினால் ஒரு வீட்டிலும் ஒரு விசிறியையும் நிறுத்தாமலே எல்லார் தடமும் குறையும். ஏரிகள் தூர்வாரப்பட்டால் குழாய் நீரின் தடம் குறையும். பேருந்து நேரத்துக்கு வந்தால் வண்டியின் தடம் குறையும். குளிர்சாதனத்தின் அளவு, காரின் தேவை, எறியும் உணவு ஆகியவை ஓரளவு குடும்பத்தின் கையில் உள்ளவை. அவையும் வசதி மிக்க வீடுகளிலேயே பெரியவை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

உங்கள் வீட்டு மின்கட்டண விவரத்தை எடுத்து, இரண்டு மாத யூனிட்டைப் பாதியாக்கி 0.7ஆல் பெருக்குங்கள். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து மாதக் கணக்காக்கி 42ஆல் பெருக்குங்கள். பெட்ரோல் லிட்டரை 2.3ஆல் பெருக்குங்கள். மூன்றையும் கூட்டினால் உங்கள் குடும்பத்தின் மாதத் தடம் ஓரளவு கிடைக்கும். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் சிறுவயதில் எதில் சமைத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, பள்ளிக்கு எப்படிப் போனார்கள் என்று கேட்டு எழுதி, உங்கள் கணக்கின் பக்கத்தில் வையுங்கள். எது தேவையால் கூடியது, எது பழக்கத்தால் கூடியது என்பதை அப்போது நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.